வெளிநாட்டுச் சட்டங்கள்: பயணிகள் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

வெளிநாடு கிளம்புகிறவர்கள் உடை, வணக்கம் சொல்லும் முறை இதையெல்லாம் ஆர்வமாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். அதில் பிசகினால் ஒரு முகச்சுளிப்போடு போய்விடும். மருந்துப் பையில் பிசகினால் கைது வரை போகும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானுக்குள் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சளி, மூக்கடைப்பு மருந்துகளைக் கொண்டுபோகக் கூடாது. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து கலந்த மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி கிடையாது. மருத்துவர் எழுதித் தரும் மற்ற மருந்துகள் பொதுவாக ஒரு மாதத் தேவைக்குள் இருக்கலாம். அதைத் தாண்டினால் ‘யுன்யு கக்குனின்-ஷோ’ என்ற இறக்குமதிச் சான்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடால், கோடீன் போன்ற போதைத்தன்மையுள்ள வலி மருந்துகளுக்கு அரசின் முன் அனுமதி தேவை. கசகசாவுக்கும் அங்கே தடை இருக்கிறது. மசாலாப் பொட்டலத்தில் கலந்து கிடந்தாலும் சிக்கல்தான்.

பலர் ஏமாறுவது மாத்திரை அட்டையில் இருக்கும் வணிகப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ‘தடைப் பட்டியலில் இல்லை’ என்று முடிவுகட்டுவதில். பட்டியல்களில் இருப்பது மூலப்பொருளின் பெயர். சாதாரண வலி மாத்திரை, இருமல் சிரப் சிலவற்றில்கூடக் கோடீன் கலந்திருக்கும். ஆகவே அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பெயர், மில்லிகிராம் அளவு இரண்டையும் குறித்துக்கொண்டு, போகும் நாட்டின் சுகாதார அமைச்சகத் தளத்தில் தேடுங்கள். மாத்திரைகளைப் பிரித்துச் சின்ன டப்பாவில் போடாதீர்கள். மருந்துக்கடை லேபிளோடு, அசல் அட்டையிலேயே இருக்கட்டும். மருத்துவர் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், ஒரு நாளைய அளவு இருக்க வேண்டும்.

\*

மருந்துக்குச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடையில் விமானம் மாறும் நாட்டின் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும். தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கம் வழியாக வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அங்கேதான் பெட்டி திறக்கப்படும்.

\*

உணவு விஷயத்தில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மிகக் கடுமை. இரண்டும் தீவு நாடுகள். வெளியிலிருந்து ஒரு பூச்சியோ பயிர்நோயோ நுழைந்துவிட்டால் விவசாயமே ஆட்டம் காணும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்துவிட்டு இறங்கினால்கூட நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். தேனுக்கும் அங்கே அனுமதி இல்லை. மலையேறும் ஷூவின் அடியில் ஒட்டிய மண், கூடார முளைகளில் காய்ந்த சேறு, இவற்றையும் அறிவிக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் ஷூவின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போனால் சோதனை சீக்கிரம் முடியும்.

இங்கே மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அபராதம் பொருளுக்காக அல்ல, அறிவிக்காததற்காக. சந்தேகம் இருந்தால் படிவத்தில் ‘ஆம்’ என்று குறியுங்கள். அறிவித்த பொருள் அனுமதி இல்லாததாக இருந்தால் பொருள்தான் போகும், அபராதம் வராது. பயந்துபோய் ‘இல்லை’ என்று குறிப்பவர்கள்தான் வீணாக மாட்டுகிறார்கள்.

சிங்கப்பூரிலும் இதே கதை. சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு கிடையாது. பிரித்த பாக்கெட்டில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கும் சிவப்புத் தடத்தில் (சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான வழி) போய் வரி கட்ட வேண்டும். இ-சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம்.

\*

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பதில் 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம் என இரண்டு வகை உண்டு. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கும். வியட்நாமில் 1968 வகைதான் செல்லும். கையிலிருக்கும் அனுமதிப் புத்தகத்தின் அட்டையிலேயே எந்த ஒப்பந்தம் என்று அச்சாகியிருக்கும். அதோடு, உள்ளே இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு மட்டும் முத்திரை இருந்தால் ஸ்கூட்டரைப் பொறுத்தவரை உங்களிடம் உரிமம் இல்லை என்றே பொருள்.

வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்கமாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்த பிறகுதான் பயணக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலான பாலிசிகளில் மருத்துவச் செலவு கிடைக்காது. எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை என்றால் முழுத் தொகையும் உங்கள் தலையில்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சின்னக் கீறலுக்குப் பெரிய தொகை கேட்டுத் தகராறு வந்தால், அதைத் திரும்பப் பெறாமல் உங்களால் நாட்டைவிட்டு நகர முடியாது. நகலும் ரொக்க முன்பணமும் கொடுங்கள். வண்டியை எடுக்கும் முன் சுற்றிலும் வீடியோ எடுத்துவையுங்கள்.

\*

தாய்லாந்தில் அரச குடும்பத்தை அவமதித்தால் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும், சமூக ஊடகப் பதிவுக்கும் பொருந்தும். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதைத் தவிருங்கள். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பயணி ஒருவர் 2014-இல் அங்கிருந்து நாடு கடத்தப்பட்டார். இத்தாலியில் போலிப் பிராண்ட் கைப்பை வாங்கினால், விற்றவரை மட்டுமல்ல, வாங்கியவரையும் தண்டிப்பார்கள்: அபராதம் 7,000 யூரோ வரை.

\*

இவ்வளவும் தெரிந்தும் போலீஸ் பிடித்துவிட்டால்? தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி உடனே கேளுங்கள். 1963 வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு தரும் உரிமை அது. தூதரக அதிகாரி வந்து பார்ப்பார், வழக்கறிஞர் பட்டியல் தருவார், வீட்டுக்குச் சொல்வார். அபராதம் கட்டமாட்டார், விடுவிக்கவும் அவரால் முடியாது. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிடித்த நாட்டின் குடியுரிமையும் உங்களிடம் இருந்தால், அந்த நாடு உங்களைத் தன் குடிமகனாகவே நடத்தி, மற்ற நாட்டுத் தூதரகத்தை அருகில் விடாமலும் இருக்கலாம்.