அந்த ரெண்டு "ரை"

கரிக்கோல்:
மாணவர்களை வரையத் தூண்டுற போஸ்டர் ஒண்ணு இங்கே போட்டிருந்தாங்களே, "தப்பா வரைஞ்சாலும் வரை"ன்னு. அதுக்குக் கீழே ஒருத்தர், "ஃபான்ட்ல எழுதிட்டு சுயவெளிப்பாடுன்னு சொல்றது மோசடி"ன்னு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார். மோசடியாம்! அது கையெழுத்து ஃபான்ட்தானே? ஏ2 போஸ்டர். பத்தடி தள்ளி நிக்கிறவனுக்குப் புரிஞ்சா போதாதா?

அச்சுப்பிழை:
தீர்ப்பு எழுதினது அடியேன்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. அந்த வரியில ரெண்டு "ரை" இருக்கு. ரெண்டுலயும் இணைக்கொம்போட வளைவுல அதே இடத்துல அதே பிசிறு. எந்தக் கை அப்படி எழுதும்?

மூணாம்பெஞ்சு:
எனக்குப் பிடிச்சது வேற. கீழே மூணுல ஒரு பங்கைக் காலியா விட்டு, ஒரு பென்சிலை நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அதுலயே யாரோ ஒரு பூனையைக் கிறுக்கியிருக்காங்க. அதைப் பத்தி யாருமே பேசலையே?

அச்சுப்பிழை:
பூனை இருக்கட்டும். "ரை"க்குப் பதில் சொல்லுங்க.

கரிக்கோல்:
ஒரே எழுத்துக்கு மூணு நாலு வடிவம் வச்ச ஃபான்ட்டெல்லாம் இருக்கு சார். ஓப்பன்டைப்ங்கிற ஃபான்ட் வகையில அது மாத்தி மாத்தி வரும். இருபது வருஷம் அச்சகத்துல இருந்தேன்னு சொல்றவருக்கு இது தெரியாதா?

அச்சுப்பிழை:
தெரியும் தம்பி. இந்தப் போஸ்டர்ல மாறி வந்துச்சா? வரல. 1994-ல வின்சென்ட் கானேர் மைக்ரோசாஃப்ட்டுக்குச் செஞ்ச காமிக் சான்ஸ் ஃபான்ட்கூடக் கையெழுத்துச் சாயல்தான். அதையும் ஃபிரேம் போட்டு மாட்டிருவோமா?

கரிக்கோல்:
தம்பின்னு கூப்பிடுற வேலை வேண்டாம். போன மாசம் லோகோ சண்டையில, திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில கொடுத்தா பளீர் பச்சை அச்சுல மங்கிரும்னு நான் சொன்னப்பவும் இப்படித்தான் "தம்பி"ன்னீங்க. கடைசியில மங்குச்சா இல்லையா?

அச்சுப்பிழை:
மங்குச்சு. அதுக்குக் காரணம் காகிதம்.

கரிக்கோல்:
சிஎம்ஒய்கே! அச்சோட நாலு மை நிறம்தான் காரணம்!

அச்சுப்பிழை:
காகிதம். கோட்டிங் இல்லாத தாள் மையைக் குடிச்சிருச்சு.

சுவரெழுத்து:
"போஸ்டர்"னு ஏன் எழுதறீங்க, "சுவரொட்டி"ன்னு நல்ல சொல் இருக்கே? போகட்டும். 1968 மே மாசம் பாரிஸ் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் பட்டறை போட்டு, சில்க் ஸ்கிரீன்ல, அதாவது துணிச் சல்லடை வழியா மையைத் தள்ளி, சுவரொட்டி அடிச்சுத் தள்ளினாங்க. பெரும்பாலும் ஒரே நிறம், முரட்டு எழுத்து. வரைஞ்சவர் பேர்கூட இருக்காது. அதுல இருந்த வேகம் எந்த ஃபான்ட்ல வரும்?

அச்சுப்பிழை:
கேட்டீங்களா? கையெழுத்து!

கரிக்கோல்:
அதுவும் நகல்தானே? ஒரே ஸ்கிரீன்ல அடிச்ச அத்தனையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அச்சுப்பிழை:
போஸ்டருக்குப் போஸ்டர் ஒண்ணா இருக்கலாம். ஒரே போஸ்டருக்குள்ள, ஒரே வரியில, ரெண்டு "ரை" அச்சு அசலா இருக்கக் கூடாது. இதை எத்தனை தடவை சொல்றது?

மூணாம்பெஞ்சு:
சுயவெளிப்பாடுன்னா என்னன்னு யாராவது முதல்ல சொல்லிட்டுச் சண்டை போடலாமே?

சுவரெழுத்து:
"சுவரொட்டி" பத்தியும் யாரும் வாயே திறக்கல.

அச்சுப்பிழை:
போஸ்டர்.

கரிக்கோல்:
சரி, இப்பவே அந்த வரியைப் பேனாவால எழுதிப் படம் போட்டிருக்கேன், பாருங்க. என் கைதான். என் ரெண்டு "ரை"யும் ஒரே மாதிரிதான் வந்திருக்கு. இப்ப என்ன சொல்றீங்க? நான் ஃபான்ட்டா?

அச்சுப்பிழை:
பெருசாக்கிப் பார்த்தேன். முதல் "ரை"ல கொம்பு இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு.

கரிக்கோல்:
சாயல.

அச்சுப்பிழை:
சாய்ஞ்சிருக்கு. ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டேன்.

கரிக்கோல்:
கம்ப்யூட்டர் திரை மேல ஸ்கேலா வச்சீங்க?

அச்சுப்பிழை:
பிரிண்ட் எடுத்தேன். கோட்டிங் தாள்ல.