சிகாகோ 58-ஆம் பில்டில் இருந்தது ஸ்டார்ட் பட்டனா?

பழையவட்டு: "விண்டோஸ் 95-இல் ஸ்டார்ட் பட்டன் முதல் நாளிலிருந்தே இருந்தது" என்று நேற்று நீலத்திரை எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சிகாகோ என்ற குறியீட்டுப் பெயரோடு 1993-இல் உருவான விண்டோஸ் 95-இன் 58-ஆம் பில்டை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, நான் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் நிறுவி, ஒவ்வொரு மூலையாகத் துழாவியவன். திரையின் அடிப்பட்டையில் இடது ஓரத்தில் விண்டோஸ் கொடி, ஒரு கண், ஒரு கேள்விக்குறி என மூன்று பட்டன்கள்தாம் இருக்கின்றன. ஸ்டார்ட் என்ற சொல் எங்கே?

நீலத்திரை: கொடியை அழுத்தினால் மெனு விரிகிறது அல்லவா? அதன் கடைசி வரியில் விண்டோஸை நிறுத்தும் கட்டளையும் இருக்கிறது. அதுவே ஸ்டார்ட் பட்டன்.

பழையவட்டு: அந்த மெனுவை முழுதாகப் படித்தீர்களா? ஒரு நிரலை இயக்கும் கட்டளை, பணிப் பட்டியல், சின்னங்களையும் சாளரங்களையும் அடுக்கும் வரிகள், நிறுத்தம், அவ்வளவே. நிறுவிய நிரல்களின் பட்டியல் அதில் இல்லை. அதன் பெயர் சிஸ்டம் பட்டன். மீண்டும் கேட்கிறேன், ஸ்டார்ட் என்ற சொல் எங்கே?

நீலத்திரை: மைக்ரோசாஃப்டில் அந்தக் குழுவிலிருந்த ரேமண்ட் சென் எழுதியதைப் படியுங்கள். கணினியை இயக்கிய மக்கள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைச் சோதனைகளில் கண்ட பிறகு, அதே சிஸ்டம் பட்டனுக்குத்தான் ஸ்டார்ட் என்று பெயரிட்டார்கள். பெயர் மாறினால் பொருள் மாறிவிடுமா?

பழையவட்டு: அந்தச் சொல் இல்லாததால்தானே மக்கள் திகைத்து உட்கார்ந்தார்கள்! என் வாதத்தை நீங்களே நிறுவிவிட்டீர்கள்.

மின்விசை: எமுலேட்டரில் பார்த்துவிட்டு இருவரும் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள். நான் 486 செயலி கொண்ட அசல் பழைய கணினியில் ஓட்டுகிறேன்.

பழையவட்டு: 486-இல் ஓட்டினாலும் பட்டன்கள் மூன்றுதான், ஐயா. பிந்தைய பீட்டாக்கள், அதாவது சோதனைப் பதிப்புகள், காலாவதியாகும் என்பதால் கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில் தேதியைப் பின்னே தள்ள வேண்டும் என்று போன மாதம் நான் சொன்னபோது மறுத்தவரும் நீங்கள்தான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மின்விசை: அந்தப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். தேதியை மாற்றாமலேயே என் பீட்டா ஓடியது.

நீலத்திரை: கண்ணும் கேள்விக்குறியும் பின்னர் அதே மெனுவுக்குள் தேடலாகவும் உதவியாகவும் புகுந்தன. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான 950-ஆம் பில்டில் எல்லோரும் பார்த்தது அந்தக் கொடிப் பட்டனின் வளர்ச்சியே.

பழையவட்டு: வளர்ச்சி என்று இப்போது சொல்கிறீர்கள், நேற்று எழுதியது "முதல் நாளிலிருந்தே". 58-ஆம் பில்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, ஸ்டார்ட் என்ற அந்த ஒரு சொல்லைக் காட்டுங்கள்.

நீலத்திரை: கொடியைக் காட்டிவிட்டேன். அதற்கு மேல் காட்ட ஒன்றுமில்லை.