புகை வடிகட்டும் கருவி: வன்னியில் பாவித்தவர்களின் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். இது எங்கள் வீட்டில் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. பெடியனாக இருந்தபோது சுருட்டில் தொடங்கி, பிறகு சிகரட்டுக்கு மாறியவர். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் சாப்பாடு இல்லாத நேரத்திலும் ஒரு பீடியை இரண்டாக முறித்துப் பத்தியதாகச் சொல்வார். முகாமுக்குப் போனபிறகு அது இன்னும் கூடியது. ஊர் திரும்பியும் குறையவில்லை. அம்மாவுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்மா. காலையும் இரவும் பம்ப் இழுக்கிறவ. எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. ஒரு விறாந்தை, ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, அவ்வளவுதான். அதற்குள் யார் எந்த மூலையில் பத்தினாலும் புகை எல்லாரிடமும் வரும். அதனால் அப்பா எப்போதும் கோடிப்பக்கத்து மாமரத்தடிக்குப் போய்த்தான் பத்துவார். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை, அம்மாவின் இழுப்பைக் கண்டு அவராகவே வைத்துக்கொண்டது.

போன ஆவணியில் கனடாவிலிருந்து மச்சான் வந்து நின்றார். திரும்பிப் போகும்போது அப்பாவின் கையில் ஒரு சாமானைக் கொடுத்தார். கைக்குள் அடங்கும் அளவு, பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் மூடி. ஒரு பக்கத்தில் வாயை வைத்து, இழுத்த புகையை அதற்குள் ஊதவேண்டும். மற்றப் பக்கத்தால் வெறும் காற்றுத்தான் வரும். புகையும் தெரியாது, மணமும் இல்லை. அங்கே அடுக்குமாடியில் இருக்கிறார்கள், பனிக்காலத்தில் வெளியே நின்று பத்த முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள், அதனால் பலர் இதைப் பாவிக்கிறார்கள் என்றார். "மாமா, இனி மாரி மழைக்குள்ள மாமரத்துக்கு ஓடத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடு தந்ததுதான்.

உள்ளே இருப்பது கரி. நாங்கள் ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடுகிற சிரட்டைக்கரியின் இனம்தான், ஆனால் மிகச் சூடான நீராவியால் பதப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டாகும்படி செய்தது. எங்கள் நாட்டிலிருந்தே தேங்காய்ச் சிரட்டையில் செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். மணம் தருகிற வாயுக்கள் பல அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கரியோடு ஒரு மெல்லிய வடிதாளும் இருக்கிறது, அது நுண்ணிய துகள்களைப் பிடிக்கும். கிணற்றுத் தண்ணீரைக் கரியும் மணலும் போட்டு வடித்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. அதனால்தான் நானும் உடனே நம்பிவிட்டேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. அப்பா மாமரத்தை விட்டு விறாந்தைக்கு வந்தார். பிறகு ஹோலுக்கு. வீட்டில் மணமே இல்லை. வந்த ஆட்கள் "ஐயா விட்டுட்டாரோ?" என்று கேட்டார்கள். ஆனால் அம்மா இரவில் எழும்பிக் குந்தத் தொடங்கினா. நாங்கள் மழைக்குளிர் என்றோம். யன்னலைப் பூட்டினோம். கார்த்திகையில் ஒரு இரவு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாஸ்க் பிடிக்க வேண்டி வந்தது. அங்கே நின்ற டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் ஆராவது சிகரட் பத்துறவையோ?" நான் "ஓம், ஆனால் புகை வராது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன். ஒரு வெள்ளைக் கடதாசித் துவாலையை நனைத்து, அதில் நேராக ஊதச் சொன்னேன். தேத்தண்ணி நிறத்தில் வட்டமாகக் கறை பிடித்தது. இன்னொன்றை நனைத்து, கருவிக்குள்ளால் ஊதச் சொன்னேன். கறையே இல்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்புறம் அதே சிகரட்டை ஒரு பீங்கானில் வைத்து, மேலே ஒரு ஜாம் போத்தலைச் சாடையாகச் சரித்துக் கவிழ்த்தேன். ஒருவரும் இழுக்கவில்லை, ஊதவுமில்லை. போத்தல் புகையால் நிறைந்து வெள்ளையாகிப் போனது. எடுத்துத் துடைத்த துணி மஞ்சள்.

விஷயம் அவ்வளவுதான். கருவி பிடிப்பது அப்பா வாயால் விடுகிற புகையை. சிகரட்டின் நுனி தானாக எரிந்து விடுகிற புகையைப் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குப் போவதில் ஏறக்குறைய 85 வீதம் இந்த நுனிப்புகைதான் என்று பிறகு வாசித்தேன். இழுப்புக்கு இழுப்பு இடையில் சிகரட் அப்பாவின் விரலில் சும்மா எரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம், யன்னல் பூட்டிய ஹோலில் அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து நாடகம் பார்த்திருக்கிறா.

அப்பா போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இவ்வளவு நாளும் கொம்மா இதையோ குடிச்சவ?" என்று மட்டும் கேட்டார்.

வேறு வகைக் கருவிகள் இருக்கிறதாமே, சிகரட்டை முழுவதுமாக உள்ளே வைப்பது. யாராவது பாவித்திருந்தால் எழுதுங்கள்.

மல்லாவியிலிருந்து:

நான் இணையத்தில் மலிவாக ஒன்று எடுப்பித்தேன். ஒரு கிழமையில் மணம் வரத் தொடங்கியது. வாளால் அரிந்து பார்த்தேன். கரியும் இல்லை, வடிதாளும் இல்லை, கதிரை மெத்தைக்குள் இருக்கிற மாதிரிப் பஞ்சு ஒரு துண்டு. பெட்டியில் மட்டும் எல்லாம் இருக்கிறதாக அச்சடித்திருந்தது. வாங்குகிறவர்கள் முதலில் திறந்து பார்க்கக்கூடியதா என்று கேளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

கிளிநொச்சித் தங்கச்சி, நீங்கள் கேட்ட, சிகரட்டை முழுவதுமாக உள்ளே வைக்கிற வகை எங்கள் வீட்டில் இருக்கிறது. அண்ணாவுக்காக வாங்கியது. ஆனால் நாங்கள் புகைக்காக அதை வாங்கவில்லை.

அண்ணாவுக்கு 2009 மாசியில் முதுகுத்தண்டில் செல் துண்டு பட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. பகலில் சக்கர நாற்காலியில் இருப்பார், இரவில் கட்டில். அவருக்கு நித்திரை குறைவு. விடியப்புறம் இரண்டு மணி, மூன்று மணிக்குச் சிகரட் பத்துவார். வெளியே போகச் சொல்ல முடியாது, தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டும். நானும் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் "எனக்கு மிஞ்சினது இது ஒண்டுதான்" என்று சொன்ன நாளோடு அந்தச் சண்டையை நிறுத்திவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னம் ஒரு இரவு குசினியில் படுத்திருந்த அம்மா துணி எரிகிற மணம் என்று எழும்பி ஓடினா. தணல் விழுந்து சாரம் எரிந்து, தொடையில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்துபோயிருந்தது. அண்ணாவுக்குத் தெரியவே இல்லை. அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தாராம். உணர்வு இல்லாத உடம்பில் சூடு பட்டால் கையை இழுக்கிற மாதிரிக் காலை இழுக்க ஏலாது. அந்தப் புண் ஆற நாலு மாதம் எடுத்தது. புகைப்பவர்களுக்கு இரத்தோட்டம் குறைவு, அதனால் புண் ஆறச் சுணங்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

சுவிஸில் இருக்கிற அக்கா இதைக் கேள்விப்பட்டு அனுப்பியதுதான் இந்தக் குழாய். தடித்த கண்ணாடி, இரண்டு முனையும் உலோகம். சிகரட்டைப் பற்றவைத்து உள்ளே தள்ளி மூடவேண்டும். ஒரு முனையில் வாய், மற்ற முனையில் சல்லடையும் வடிகட்டியும். சாம்பல் உள்ளேயே விழும், தணல் வெளியே வராது. கையிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தாலும் துணி பற்றாது. இந்த மூன்று வருடத்தில் ஒரு சூட்டுக் காயம்கூட இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் வன்னியில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுவேன்.

ஆனால் புகைக்கு இது மருந்தில்லை. அறையில் மணம் குறைந்தது உண்மை. முன்பு நுனியால் அறைக்குள் போன புகை இப்போது குழாய்க்குள் தங்கி நிற்கிறது, அடுத்த இழுப்பில் அதையும் அண்ணாதான் உள்ளே எடுக்கிறார். அவருக்கு இருமல் கூடிவிட்டது. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர்களுக்கு இருமிச் சளியை வெளியேற்றும் பலமே குறைவு. அதனால் ஒரு மாரியில் நெஞ்சுச்சளி கட்டி இரண்டு கிழமை வாட்டில் வைத்திருந்தார்கள். தீயில் இருந்து காப்பாற்றிய சாமான், நெஞ்சுக்குச் செய்ததை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. இப்போது ஒரு நாளைக்கு நாலு என்று பேசி வைத்திருக்கிறோம். அவரே எண்ணி எடுத்துத் தலைமாட்டில் வைப்பார்.

வவுனியாவிலிருந்து:

நான் கொழும்பு, கிளிநொச்சி இரவு வான் ஓட்டுகிறேன். என்னிடம் இருந்தது சாம்பல் கிண்ணம் மாதிரி ஒன்று. கோப்பை வைக்கிற இடத்தில் பொருந்தும், மூடியில் சின்ன விசிறி, பற்றரியில் சுழன்று புகையை இழுத்து வடிகட்டியால் விடும். சிகரட்டை அதில் வைத்தால் நுனிப்புகையில் கொஞ்சம் போகும். கையில் எடுத்தால் ஒன்றும் போகாது. இரவு ஓட்டத்தில் நித்திரை வராமல் இருக்க நான் அதை வைத்துப் பத்திக்கொண்டு வந்தேன். ஏசி போட்டு, கண்ணாடி எல்லாம் பூட்டி, உள்காற்றே சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி விட்டிருந்தேன்.

ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு தாய் என் பின் சீற்றில் இருந்தா. மாங்குளம் தாண்டும்வரை பிள்ளை இருமிக்கொண்டே வந்தது. அவ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறுகண்டியில் பிள்ளையாருக்கு நிறுத்தினபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வாசலில் காற்றுப்பட நின்றா. எல்லாரும் கச்சான் வாங்கி ஏறிவிட்டார்கள், அவ மட்டும் ஏறாமல் நின்றா. நான் போய் "ஏறுங்கோ அக்கா" என்றபோது, "தம்பி, கிளிநொச்சி மட்டும் பத்தாமல் வருவீங்களோ?" என்று கேட்டா. கெஞ்சுகிற குரல். காசு கொடுத்து வருகிற ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்று எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசிப்போனது.

அன்றிலிருந்து வானுக்குள் இல்லை. மதவாச்சி, மாங்குளம், முறுகண்டி, நிறுத்துகிற இடத்தில் இறங்கி நின்றுதான். குறைத்தும் இருக்கிறேன், முழுதாக இன்னும் விடவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து:

குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போகிறவள் என்ற முறையில் சில விஷயங்கள்.

ஹெப்பா (HEPA) தரமுள்ள நல்ல வடிகட்டி என்றால் 0.3 மைக்ரோன் அளவுள்ள மிக நுண்ணிய துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு வடிகட்டிக்குள் போன புகைக்குத்தான். போகாத புகைக்கு எந்தக் கணக்கும் இல்லை. கரி மணத்தைப் பிடிக்கும், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைப் பிடிக்காது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மணம் போய்விட்டது என்பதால் காற்றுச் சுத்தம் என்று நினைக்கிற வீடுகளில்தான் நான் கூடப் பயப்படுகிறேன். மணம் இருக்கும்போது தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். மணம் இல்லாவிட்டால் அங்கேயே இருப்பார்கள்.

சிகரட் புகையில் 7000க்கு மேற்பட்ட இரசாயனங்கள், அதில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பக்கத்தில் இருப்பவருக்கு இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரின் (Surgeon General) 2006 அறிக்கை சொன்னது. அதே 2006இல்தான் எங்கள் நாட்டில் 27ஆம் இலக்கச் சட்டம் வந்து, மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடுத்தது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. வீட்டுக்குள் வருவது நாங்கள்தான்.

ஒன்று கேட்கிறேன். பிள்ளையைத் தூக்க முன்னம் சட்டையை மாற்றுங்கள், கையைக் கழுவுங்கள். வெளியே நின்று பத்தினாலும் துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

விட நினைப்பவர்கள் 1948க்கு எடுக்கலாம், புகையிலை, மதுசார அதிகாரசபையின் இலக்கம். வவுனியா அண்ணா, உங்களுக்கும்தான்.

கிளிநொச்சியிலிருந்து:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதுக்குடியிருப்பு அண்ணாவின் கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் இப்போது மாமரத்தடியில் நாலு தடி நட்டு, மேலே தகரம் போட்டு ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. மழைக்கும் அப்பா அங்கேதான். கருவியை அவர் தொடுவதில்லை. அம்மா தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை, இரவில் எழும்பிக் குந்துவதும் நின்றுவிட்டது. மச்சானுக்கும் போத்தல் கதையைச் சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதியவரிடம் ஒரு கேள்வி: அந்தக் குழாயின் வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? எங்கள் ஊரில் அதே நிலைமையில் ஒருவர் தனிய இருக்கிறார், தீப்பயத்துக்காக அவருக்கு ஒன்று எடுக்க யோசிக்கிறோம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

மாதம் ஒருமுறை மாற்றுகிறோம், சுவிஸ் அக்கா ஆறு மாதத்துக்கு அனுப்பிவிடுவா. கண்ணாடியைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் தார் பிடித்து மூடி இறுகும். பத்தி முடிந்ததும் உலோக முனை நல்ல சூடாக இருக்கும். அதைத் தொடையில் வைக்க விடாதீர்கள், பக்கத்தில் ஒரு தகரப்பேணி வைத்துப் பழக்குங்கள். அவர் தனிய இருக்கிறார் என்றால் முதல் ஒரு கிழமை யாராவது இரவில் கூட நில்லுங்கள்.