விங் டிஸ்க்கில் ஒரு சவ்வுப் புரதம்: ஜிஎஃப்பி-யை எங்கே செருகுவது?

சிறகுத்தட்டு:

வணக்கம். டிரோசோஃபிலாவில் (பழ ஈ) இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன். அதன் புரதம் சவ்வை ஒரே முறை கடக்கும் வகை. மூன்றாம் பருவப் புழுவின் விங் டிஸ்க்கில் (பின்னால் சிறகாகும் திசு) அது செல்லின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதோடு ஜிஎஃப்பி-யை (பச்சையாக ஒளிரும் புரதம்) ஒட்டிய யுஏஎஸ் இணைப்பை கால்4 (யுஏஎஸ்-ஐ இயக்கும் புரதம்) வைத்து 25 டிகிரியில் ஓட்டினால் செல் முழுக்க அப்பிக்கொண்டு தெரிகிறது. ஃப்ளைபேஸ் (ஈ ஜீன் தரவுத்தளம்) காட்டும் இரண்டு ஐசோஃபார்ம்களுக்கும் (ஒரே ஜீனின் புரத வடிவங்கள்) கடைசி எக்ஸான் (ஆர்என்ஏ-வில் தங்கும் துண்டு) மட்டும் வேறு வேறு. பொதுவாக உள்ள ஒரு கோடிங் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடையே வெட்டியெறியப்படும் துண்டு) மிமிக் செருகல் (உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளக்கூடிய மினோஸ் டிரான்ஸ்போசான்) இருக்கிறது, ஃபேஸ் 1 (கோடானின் முதல் எழுத்துக்குப் பின் இன்ட்ரான்). அதை ஜிஎஃப்பி-யாக மாற்றுவதா, கிரிஸ்பரில் (ஜீனைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறை) புரதத்தின் கடைசியில், அதாவது சி-முனையில், வைப்பதா?

இன்ட்ரான்வாசி:

யுஏஎஸ் படத்தை நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். அளவுக்கு மீறிப் புரதம் உற்பத்தியானால் இஆர்-இல் (சவ்வுப் புரதம் தயாராகும் செல் உறுப்பு) தேங்கும், போக வேண்டிய இடம் நிரம்பி வழியும். 18 டிகிரியில் வளர்த்தால் கால்4 வேகம் குறையும், கொஞ்சம் தெளியும். ஆனாலும் அது ஜீனின் சொந்த அளவு ஆகாது.

புதிதாக எதையும் செய்வதற்கு முன் கார்னகி, கேம்பிரிட்ஜ் புரோட்டீன் டிராப் தொகுப்புகளில் (ஜிஎஃப்பி ஏற்கெனவே செருகிய ஈ வரிசைகள்) உங்கள் ஜீன் இருக்கிறதா என்று பாருங்கள். வைக்கிங்-ஜிஎஃப்பி, ஜூப்பிட்டர்-ஜிஎஃப்பி போல் ஆயத்தமாகக் கிடைத்தால் வேலை மிச்சம். வியன்னாவின் ஃபாஸ்மிட் வரிசை (ஜீனின் பெரிய டிஎன்ஏ துண்டைக் கூடுதலாகச் செருகிய ஈக்கள்) பெரும்பாலும் சி-முனை டேக் (ஒட்டு); உங்களுக்கு ஒரு ஐசோஃபார்ம் விட்டுப்போகும். கிரிஸ்பரில் சி-முனை வைத்தாலும் அதே கதைதான். ஆகவே மிமிக்தான் என் ஓட்டு.

ஃபேஸ் 1 என்றால் ஃபேஸ் 1 டோனர் பிளாஸ்மிட்தான் (ஜிஎஃப்பி-யைக் கொண்டுவரும் டிஎன்ஏ வளையம்). 0 அல்லது 2 எடுத்தால் ஜிஎஃப்பி சட்டகம் மாறி, சில கோடான்களிலேயே ஸ்டாப் வந்துவிடும், புரதமும் வெட்டுப்படும். ஃபை-சி31 இன்டக்ரேஸ் என்ற நொதி ஜிஎஃப்பி கேசட்டை இரு திசையிலும் செருகும், பாதிக்குப் பாதி. தலைகீழாகப் போனவை இன்ட்ரானோடு சேர்ந்து வெட்டியெறியப்படும்: ஈ நன்றாக இருக்கும், ஒளி மட்டும் வராது.

இப்போது கிராஸ். பலர் சறுக்குவது இங்கேதான். மாற்றம் நடந்ததற்கான அடையாளம் யெல்லோ-பிளஸ் (மிமிக் சுமக்கும் உடல் நிற ஜீன்) மறைவது. அதற்கு எல்லா ஸ்டாக்கும் யெல்லோ-ஒயிட் (மஞ்சள் உடல், வெள்ளைக் கண்) பின்னணியில் இருக்க வேண்டும். தாய் எக்ஸ் குரோமோசோமில் வாசா-இன்டக்ரேஸ் (இன்டக்ரேஸ் தரும் ஜீன்), இரண்டில் ஸ்கோ/சைஓ (கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்; ஸ்கோ முதுகு முடியைக் குறைக்கும், சைஓ சிறகைச் சுருட்டும்); தந்தை ஹோமோசைகஸ் (இரு பிரதியிலும்) மிமிக். தாயின் இரண்டாம் குரோமோசோம் அடையாளமில்லாததாக இருந்தால், அடுத்த தலைமுறையில் மஞ்சள் உடல் ஈ உண்மையாக மாறியதா, அல்லது மிமிக் இல்லாத குரோமோசோமைப் பெற்றதா என்று பிரிக்கவே முடியாது. இவற்றின் முட்டைகளில் டோனரை ஊசி போட்டு வளர்ந்த ஒவ்வொரு ஈயையும் தனிக் குப்பியில் யெல்லோ-ஒயிட், ஸ்கோ/சைஓ-வோடு சேருங்கள். குஞ்சுகளில் சிறகு சுருண்டது, ஸ்கோ இல்லாதது, உடல் மஞ்சள்: மூன்றும் பொருந்தியதுதான் வேண்டியது. ஒவ்வொன்றிலிருந்தும் தனி ஸ்டாக் போடுங்கள்.

திசைக்கு பிசிஆர்: ஓரத்தில் மிச்சமிருக்கும் மினோஸ் துண்டில் ஒரு பிரைமர், ஜிஎஃப்பிக்குள் எதிரெதிர் திசையில் இரண்டு. எந்த ஜோடியில் பட்டை வருகிறதோ அதுதான் திசை.

கத்தரிவழிகாட்டி:

மிமிக்குக்கு நான் எதிரியில்லை. ஆனால் அந்த இன்ட்ரான் புரதத்தில் எங்கே விழுகிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே? மடிந்த டொமைனின் நடுவில் விழுந்தால், 27 கிலோடால்டன் ஜிஎஃப்பி அதை நெம்பிவிடும். இரண்டு டொமைன்களுக்கு இடையிலான தளர்ந்த பகுதியில் விழுந்தால் பயமில்லை. சிக்னல் பெப்டைடுக்குள் (புரதத்தை இஆர்-க்கு அனுப்பும் முன்பகுதி) என்றால் மறந்துவிடுங்கள்.

இடம் சரியில்லை என்றால் கிரிஸ்பரில் பொது எக்ஸானிலேயே, சிக்னல் பெப்டைடு வெட்டுப்படும் இடத்தைத் தாண்டி, கிளைசின்-செரின் இணைப்போடு வைக்கலாம். ஹோமாலஜி கைகள் (டோனரில் ஜீனோடு ஒத்த ஓர வரிசைகள்) பக்கத்துக்கு 1 கிலோபேஸ். வெட்டு, செருகும் இடத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. டோனரில் பாம்-ஐ (வெட்டத் தேவையான குறும் வரிசை) அமினோ அமிலம் மாறாமல் கெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் செருகியதையே காஸ்9 (கிரிஸ்பரின் வெட்டும் நொதி) மறுபடி வெட்டும். நானோஸ்-காஸ்9 ஸ்டாக்குக்கு டோனர் மைக்ரோலிட்டருக்கு 500 நானோகிராம், கைடு (வெட்டும் இடத்தைக் காட்டும் ஆர்என்ஏ) பிளாஸ்மிட் 100 என்பது வழக்கமான கலவை. காஸ்9 எக்ஸில் அல்லது மூன்றில் இருந்தால் பிறகு கழற்றுவது சுலபம். ஊசி போடப்போகும் அதே ஸ்டாக்கில் கைடு இடத்தை முதலில் சீக்வென்ஸ் செய்யுங்கள். ஃப்ளைபேஸ் வரிசைக்கும் உங்கள் ஈக்கும் ஒரு எழுத்து மாறினாலே கைடு வீணாகலாம்.

ஸ்கார்லெஸ் டிஎஸ்ரெட் (பின்னால் தடமின்றி நீக்கக்கூடிய சிவப்பு அடையாளக் கேசட்) போட்டால் கண் சிவப்பாக ஒளிரும். ஒயிட்-பிளஸ் கண்ணில் நிறமி மறைத்து ஒரு புள்ளியாக மட்டும் தெரியும். பிக்கிபேக் டிரான்ஸ்போஸேஸில் கேசட்டை வெளியேற்றும் முன், பிளாஸ்மிட் முதுகெலும்பு (டோனரின் மிச்ச டிஎன்ஏ) கூடவே நுழைந்துவிட்டதா என்று பிசிஆரில் பார்ப்பது கட்டாயம்.

சிறகுத்தட்டு:

இன்ட்ரான் விழுவது செல்லுக்குள் இருக்கும் பகுதியில், டொமைனுக்கு வெளியே. அப்படியானால் மிமிக்கே. டேக் புரதத்தைக் கெடுக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது?

கன்ஃபோக்கல்காரர்:

நல் மியூட்டன்ட் (ஜீன் முற்றிலும் செயலிழந்த ஈ) சாகிறது என்றால், டேக் போட்ட குரோமோசோமை டெஃபிஷியன்ஸிக்கு (அந்த ஜீன் பகுதி இல்லாத குரோமோசோம்) எதிரே வைத்துப் பாருங்கள். ஈ பிழைத்தால் புரதம் வேலை செய்கிறது. ஜீன் இல்லாமலும் ஈ வாழும் என்றால் இந்தச் சோதனையால் பயனில்லை, சிறகின் வடிவத்தை அளக்க வேண்டும். ஆர்டி-பிசிஆரும் (ஆர்என்ஏ-வைச் சோதிப்பது) போடுங்கள்: ஸ்பிளைசிங் சில சமயம் ஜிஎஃப்பி-யைத் தாவிப் போய் டேக் இல்லாத புரதமும் கலந்துவிடும். வெஸ்டர்னில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) 27 கிலோடால்டனில் தனிப் பட்டை வந்தால் ஜிஎஃப்பி பிய்ந்து வருகிறது என்று அர்த்தம். சைட்டோபிளாசத்தில் தெரியும் மங்கல் ஒளி அதுவாகவே இருக்கலாம்.

ஃபிக்ஸ் செய்வது 4 சதவீத பிஎஃப்ஏ-வில் (பாராஃபார்மால்டிஹைடு) 20 நிமிடம். மெத்தனால் வேண்டாம், ஜிஎஃப்பி ஒளி போய்விடும். சொந்த அளவில் ஒளி மங்கலாகத்தான் இருக்கும். ஆன்டி-ஜிஎஃப்பி ஆன்டிபாடி போட்டுப் பெருக்குங்கள், டேக் இல்லாத டிஸ்க்கையும் அதே லேசர் அமைப்பில் எடுங்கள்.

டேக் செல்லுக்குள் இருப்பதில் இன்னொரு லாபம்: டிகிராட்எஃப்பி (ஜிஎஃப்பி ஒட்டிய புரதத்தைச் சிதைக்கும் முறை) வேலை செய்யும். அதே ஈயை யுஏஎஸ்-என்எஸ்எல்எம்பி-யோடு (சிதைக்க வைக்கும் புரதம் தருவது) சேர்த்து, வேண்டிய கால்4 ஓட்டினால் அந்தப் பகுதியில் புரதம் சிதையும். ஹெட்டிரோசைகஸில் (ஒரு பிரதியில் மட்டும் டேக்) செய்தால் டேக் இல்லாத பாதி அப்படியே நிற்கும், ஃபீனோடைப் (வெளியே தெரியும் மாற்றம்) எதிர்பார்க்காதீர்கள்.