புது பேட்டரி போட்டும் டேஷ்போர்டில் பேட்டரி லைட் அணையவில்லை. டைனமோவையே மாற்ற வேண்டுமா?

பழைய_டீசல்:
2006 மாடல் டீசல் வண்டி, டைனமோவின் (ஆல்டர்னேட்டர்) முதுகில், பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் இருக்கிற ரகம். ஐடிலிங்கில் பேட்டரி லைட் மங்கலாக எரிகிறது. ரேஸ் செய்தால் இன்னும் மங்குகிறதே தவிர அணைவதில்லை. ஹெட்லைட், ஏசி போட்டால் பிரகாசமாகிறது. பேட்டரி (65 ஏஹெச்), பெல்ட் இரண்டும் புதியவை. டெர்மினலில் வோல்ட்: இன்ஜின் ஓடாதபோது 12.5, ஐடிலிங்கில் 13.1, 2000 ஆர்பிஎம்மில் 13.5, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு 12.4. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் மோட்டார் திணறுகிறது. டைனமோவை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள்.

கொரடு:
பேட்டரி லைட்னு பேர்தான், பேட்டரி நல்லா இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. பல்புக்கு ஒரு பக்கம் சாவி வழியா வர்ற கரண்ட், மறுபக்கம் டைனமோவோட எல் ஒயர். ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்தா பல்பு அணையும். டைனமோ சுத்தமா செத்திருந்தா பளிச்னு எரியும். மங்கலா எரியுதுன்னா கொஞ்சம் வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம். டைனமோவுல வர்ற ஏசி கரண்ட்டை டிசியா மாத்துற டையோடு போயிருக்கலாம், இல்லேன்னா இணைப்பு எங்கயாவது மோசமா இருக்கலாம்.

கழட்டுறதுக்கு முன்னாடி இன்ஜின் ஓட, ஹெட்லைட் போட்டு மூணு அளவு எடுங்க. மீட்டரை டிசியில வெச்சு டைனமோவுல பெரிய ஒயர் மாட்டுற போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவுல: 0.3 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும்: 0.2க்குள்ள. அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (கூலிங் ஏசி இல்ல, டிசிக்கு எதிரான ஏசி) மாத்தி பேட்டரி ரெண்டு டெர்மினல்லயும்: 0.1 வரைக்கும் பரவாயில்லை, 0.5 தாண்டினா டையோடு போயிருக்கு.

ஒண்ணு, விலை குறைஞ்ச மீட்டர் சிலது ஏசி ரேஞ்சுல டிசியையும் சேர்த்துக் காட்டும். இன்ஜினை நிறுத்திட்டு முதல்ல பாருங்க. 0 வராம 25, 27னு காட்டினா அந்த மீட்டர் இதுக்கு ஆகாது.

பழைய_டீசல்:
பிளஸ் பக்கம் 0.15, பாடி பக்கம் 0.08. மீட்டரின் ஏசி ரேஞ்சில் 0.9 (இன்ஜின் நிறுத்தினால் 0 காட்டுகிறது). டைனமோவின் கீழ்ப்பக்கம் ஆயில் பிசுக்கும் இருக்கிறது.

ஓம்_விதி:
ஒயரிங் சரி. டையோடுதான். ஒரு டையோடு போனாலே கரண்ட் குறையும், லோடு ஏறினால் வோல்ட் இறங்கும், உங்கள் 12.4 அதுதான். டையோடுகள் பதித்த அதே பிளேட்டில் இன்னொன்று லீக்கானால் நிறுத்திய வண்டியிலும் பேட்டரி டைனமோ வழியாகக் காலியாகும். சந்தேகமிருந்தால் மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டி, டைனமோவின் பெரிய ஒயரை எடுத்ததும் இறங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போகும்.

முழு டைனமோ தேவையில்லை. ரெக்டிஃபையர் பிளேட் (அந்த டையோடு பிளேட்) தனியாகக் கிடைக்கும். ஆனால் ஆயில் பிசுக்கைச் சொன்னீர்களே, அதை விட்டுவிட்டு பிளேட் மட்டும் மாற்றினால் திரும்ப இதே வேலைதான். வாக்குவம் பம்ப் சீல் தேய்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. பிரஷ்களின் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி, பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் ஒட்டும், டையோடு பிளேட்டில் படிந்து சூட்டை வெளியே விடாது. சீலோடு ஆயில் திரும்பும் ஹோஸையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் புது சீலும் ஒழுகும்.

திறந்த கையோடு பிரஷ் நீளம் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் இடையே சுமார் 2 முதல் 4 ஓம் வர வேண்டும், ரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. இவை சரியாக இருந்தால் ரோட்டரை (சுற்றும் காயில்) ரிவைண்டிங் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. பேரிங்குகளை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை இறக்குவது வீண் கூலி.

கொரடு:
ஓடுற இன்ஜின்ல பேட்டரி டெர்மினலைப் புடுங்கி "டைனமோ வேலை செய்யுதா பார்"னு யாராவது காட்ட வந்தா விடாதீங்க. அந்த நொடியில வோல்ட் எகிறும், மிச்சமிருக்கிற டையோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் போயிடும். வேலை முடிஞ்சதும் பேட்டரியை வெளியில 6 ஆம்பியர்ல முழு சார்ஜ் பண்ணிட்டு மாட்டுங்க. காலி பேட்டரியைப் புது பிளேட் தலையில கட்டினா அது முழு கரண்ட்டுல காயும். மாட்டின பிறகு 2000 ஆர்பிஎம்ல வோல்ட் 13.8க்கும் 14.5க்கும் நடுவுல நிக்கணும்.

பழைய_டீசல்:
பிளேட் கிடைக்க நான்கு நாளாகுமாம். அதுவரை ஓட்டலாமா?

ஓம்_விதி:
பகலில், ஏசி இல்லாமல், பக்கத்து ஊர்வரை ஓட்டலாம். இரவில் நிறுத்தி வைக்கும்போது பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள். போகும் வழியில் லைட் திடீரென்று முழுசாக எரிந்து பிரேக் கட்டையாகிவிட்டால் பெல்ட் அறுந்திருக்கிறது. வாக்குவம் பம்ப் நின்றுபோனால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் வரும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் இன்ஜினும் சூடேறும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, கியரை இறக்கி ஓரம் கட்டுங்கள்.