புதுப்பிப்பு: விளக்கு எரிகிறது, வடிகால் பாதிதான்

தெருவில் நான்கு விளக்குகள் எரியவில்லை, வடிகாலைத் தூர்வாரிய சேற்றை ஓரத்திலேயே விட்டுப் போய்விட்டார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா?

சரி, விளக்கு விஷயம் முடிந்தது. "தெரு இருட்டாக இருக்கிறது" என்று கொடுத்த முதல் புகார் அப்படியே கிடந்தது. அந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி கம்பத்து எண்களைக் குறிப்பிட்டு மறுபடி கொடுத்தேன். மூன்றாம் நாளே ஆள் வந்தார். பல்பில் கோளாறே இல்லையாம். இருட்டியதும் விளக்கைப் போடும் சென்சார்தான் பழுது. நான்குக்கும் சேர்த்து ஒரே சென்சார், அதனால்தான் மொத்தமாக அணைந்திருந்தன.

சேறுதான் இழுத்தடிக்கிறது. வாருவது ஒரு பிரிவு, அள்ளிப்போவது இன்னொரு பிரிவு. நடுவில் ஒரு மழை பெய்தால் வாரியதெல்லாம் திரும்ப உள்ளேதான். இரண்டையும் ஒரே நாளில் செய்யும்படி அடுத்த கூட்டத்தில் பேசுவதாக வார்டு உறுப்பினர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

அப்புறம், உள்ளாட்சி பட்ஜெட்டில் எதற்குச் செலவிடலாம் என்று மக்களைக் கேட்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989-லேயே தொடங்கிவிட்டார்கள். எங்கள் உள்ளாட்சி மன்றம் இப்போதைக்குப் பூங்கா பெஞ்சை எங்கே போடலாம் என்று மட்டும் கேட்கிறது. அதற்கே அரை மணி நேரச் சண்டை.