தூர்வு: நிரல் கெட்டுப்போவதற்கு ஒரு சொல்

நண்பர்களே, வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் வருடம் போகப் போகக் கைவைக்க முடியாதபடி ஆவதை ஆங்கிலத்தில் 'சாஃப்ட்வேர் ராட்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'மென்பொருள் அழுகல்', 'நிரல் சிதைவு' என்று வந்த இரண்டு பரிந்துரைகளையும் படித்தேன். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அழுகுவதும் சிதைவதும் இருந்த பொருளே கெடுவது. நிரலில் ஓர் எழுத்துகூட அப்படிக் கெடுவதில்லை. பத்து வருடம் முன்பு எழுதியது எழுதியபடியே இருக்கிறது. அதன்மேல் வந்து படிந்ததுதான் வழியை அடைக்கிறது. வாய்க்கால் மண் படிந்து இப்படி அடைபட்டால், மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அதற்குத் தினமும் புழங்கும் சொல் உண்டு: தூர்ந்துபோச்சு.

என் கையில் இருக்கும் ஒன்றையே சொல்கிறேன். ஓர் அரிசி ஆலைக்கு பில் போடும் மென்பொருளை 2014 முதல் பார்த்துக்கொள்கிறேன். வரி கணக்கிடும் பகுதி முதலில் ஒரே திரைக்குள் அடங்கியது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பதிவான பிராண்ட் மூட்டைக்கு 5 சதவீதம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். 2022 ஜூலை 18 முதல், பிராண்ட் இல்லாவிட்டாலும் 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டிய மூட்டைக்கு வரி. இன்னொரு நிபந்தனை. அப்புறம் அந்த வரம்பைத் தாண்ட 26 கிலோ மூட்டை வந்தது. மூட்டை என்றால் 25 கிலோ என்று இருப்புக் கணக்கில் எழுதி வைத்திருந்த இடத்தை எல்லாம் தேடித் தேடி மாற்றினேன். பழைய பில்லையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதால் எதையும் நீக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சேர்த்த அன்றைக்குச் சரியானதுதான். இன்று அதில் கைவைக்க எனக்கே தயக்கம்.

வண்டலும் இப்படித்தான். வயலை விளைய வைப்பதும் அதுதான், வாய்க்காலில் தங்கிக் கடைமடைக்குத் தண்ணீர் போகவிடாமல் செய்வதும் அதுதான்.

தீர், சோர், தேர் என்பவற்றிலிருந்து தீர்வு, சோர்வு, தேர்வு வருவதுபோல தூர் என்பதிலிருந்து தூர்வு. வினையும் கூடவே கிடைக்கிறது: 'இந்தத் தொகுதி (மாட்யூல்) தூர்ந்துவிட்டது.' ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளம் வளர்ந்த விதத்தை ஆராய்ந்த கணினி அறிஞர் மெய்ர் லேமன் 1974இல் சொன்னதும் இதற்குப் பொருந்துகிறது. பயன்பாட்டில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். குறைப்பதற்கென்றே வேலை செய்தாலொழிய, மாற மாறச் சிக்கல் கூடும். அந்த வேலைக்குப் பெயர் தூர்வாருதல்.

தஞ்சாவூர் அண்ணன் ஒன்று கேட்டிருந்தார்: ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்குமுன் காய்ந்த வாய்க்காலில் தூர்வாரலாம், மென்பொருளுக்கு ஏது கோடை? நியாயமான கேள்வி. ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸரை மட்டும் உள்ளே விடும் 'பெரிய பூட்டு' ஒன்று லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் (கெர்னல்) 1996இல் 2.0 பதிப்போடு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2011இல் 2.6.39 பதிப்பில்தான் முழுதாக எடுத்தார்கள். அத்தனை வருடமும் லினக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் தண்ணீரில் இறங்கி வாருவது கடினம்தான் அண்ணே, ஆனால் அதுவும் தூர்வாருவதுதான்.

செய்யும் வேலை மாறாமல் நிரலின் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதை ரீஃபாக்டரிங் என்கிறார்கள். அது முழுவதற்கும் தூர்வாருதல் என்ற சொல்லைக் கேட்கவில்லை. புது மதகு கட்டுவதை யாரும் தூர்வாருதல் என்பதில்லை. அதற்கு 'மறுசீரமைப்பு' இருக்கட்டும். 1992இல் வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் சொன்ன 'தொழில்நுட்பக் கடன்', அதாவது இப்போதைக்கு ஒப்பேற்றிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவது, தூர்விலிருந்து வேறு. கடன் நாமாகப் போய் வாங்குவது, தூர்வு தானாகச் சேர்வது. இரண்டையும் பட்டியலில் தனித்தனியாகப் போடுங்கள்.